சிறு நீர்நில வண்டிக்கு ட்ராக்: அகலத்தைக் கடைசியில் பாருங்கள்

ஆறோ எட்டோ பலூன் டயர்கள், படகு வடிவ பிளாஸ்டிக் உடல், ஒரு பக்கத்துச் சக்கரங்களை எல்லாம் ஒரே வேகத்தில் சுழற்றும் செயின்கள். முன்சக்கரம் திரும்பாது, இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால்தான் வண்டி திரும்பும். ஆர்கோ, மேக்ஸ் போன்ற சிறு நீர்நில வண்டிகள் பெரும்பாலும் இந்த அமைப்புதான். இவற்றின் ட்ராக், புல்டோசரின் ட்ராக் அல்ல. டயர்களின் மேலேயே சுற்றி மாட்டும் பட்டை. பல்சக்கரம் எதுவும் அதை இழுப்பதில்லை. டயரின் மேற்பரப்பில் புடைத்திருக்கும் கட்டைகள் ட்ராக்கின் உள்பக்கக் குறுக்குப் பட்டைகளைப் பிடித்துத் தள்ளுகின்றன, அவ்வளவுதான். எனவே டயர் சரியில்லாத வண்டியில் எவ்வளவு விலையுயர்ந்த ட்ராக்கும் வழுக்கும், கழன்று விழும், இல்லையென்றால் செயினைத் தின்னும்.

ட்ராக் வாங்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது அகலம்: 13 அங்குலமா, 18 அங்குலமா? அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் டயர், ஆக்சில், செயின், தண்ணீரில் மிதக்கும் மட்டம் ஆகிய நான்கும் பதில் சொல்லியாக வேண்டும். பல நேரம் அவை சொல்லும் பதிலிலேயே அகலமும் முடிவாகிவிடும்.

அகலத்தின் மீது இவ்வளவு மோகம் வரக் காரணம் தரை அழுத்தக் கணக்கு. ஆட்களும் சரக்கும் சேர்த்து 750 கிலோ உள்ள எட்டுச் சக்கர வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சில் வரை 189 செ.மீ. 45 செ.மீ. அகல ட்ராக் போட்டால் தரையைத் தொடும் பரப்பு 1.7 சதுர மீட்டர், சராசரி அழுத்தம் 4.3 கிலோபாஸ்கல். 33 செ.மீ. ட்ராக் என்றால் 5.9 கிலோபாஸ்கல். பூட்ஸ் போட்டு நிற்கும் ஆளின் காலடியில் 15 முதல் 20 கிலோபாஸ்கல் வரை இருக்கும். ஆக, குறுகிய ட்ராக்கே மனிதன் புதையும் சேற்றில் புதையாமல் போகும்.

ஆனால் இது சராசரி மட்டும். டயரின் மேல் ஓடும் ட்ராக்கில் எடை சக்கரத்துக்கு நேர் கீழேதான் குவியும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பகுதி பாதி சும்மா கிடக்கும். ட்ராக் தளர்வாக இருந்தால் முழுதாகவே சும்மா கிடக்கும். ஒரே நீளத்தில் மூன்று சக்கரம் உள்ள பக்கத்தைவிட நான்கு சக்கரம் உள்ள பக்கம் சதுப்பில் நன்றாகப் போவதற்குக் காரணம் இதுதான். விளம்பரத் தாளில் இருக்கும் அழுத்த எண்ணை வைத்து இரண்டு ட்ராக்குகளை ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். குறுக்குப் பட்டைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, பட்டை எவ்வளவு விறைப்பு, மண் எப்படி வெளியேறும் என்பதை எல்லாம் அந்த எண் சொல்லாது.

முதலில் டயர்

வண்டியைத் தூக்கி நிறுத்தி, எல்லா டயருக்கும் ஒரே காற்றழுத்தம் வைத்து, ஒவ்வொன்றின் சுற்றளவையும் நடுக்கோட்டில் டேப்பால் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கத்து ஆக்சில்கள் எல்லாம் செயினால் பூட்டப்பட்டவை. ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். 188 செ.மீ. சுற்றளவில் ஒரு டயர் 1 செ.மீ. பெரிதாக இருந்தால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அது அரை மீட்டருக்கு மேல் முந்தப் பார்க்கும். ட்ராக் இல்லாதபோது அந்த வித்தியாசம் மண்ணில் வழுக்கித் தீர்ந்துவிடும். ட்ராக் மாட்டிய பிறகு எல்லா டயரும் ஒரே பட்டைக்குள் சிக்கியிருப்பதால் வழுக்க எளிய வழி இல்லை. டயர் தேயும், செயின் இறுகும், பெட்ரோல் கரையும். எதனால் என்றே பலருக்குத் தெரியாது.

ஒரே பக்கத்தில் 1 செ.மீ.க்குள் பொருந்த வேண்டும் என்பது நல்ல எல்லை. அதற்குள்ளும் சிறு வேறுபாடு இருந்தால் பெரியவை நடு ஆக்சில்களில், சிறியவை முனைகளில். நடு சற்றே தாழ்ந்திருந்தால் வண்டி திரும்ப எளிது. நான்கு டயர் புதிது, நான்கு பழையது என்ற கலவையில் ட்ராக் மாட்டவே மாட்டாதீர்கள்.

அடுத்தது காற்று. ட்ராக் இல்லாமல் 2, 3 பிஎஸ்ஐ-யில் ஓடும் டயருக்கு ட்ராக் மாட்டினால் பொதுவாக அதைவிடக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது அந்தந்த டயருக்கும் ட்ராக்குக்கும் கையேட்டில் இருக்கும். சாதாரண கார் அளவியில் இந்த எண்களைப் படிக்க முடியாது. 0 முதல் 10 பிஎஸ்ஐ வரை காட்டும் குறைந்த அழுத்த அளவி கட்டாயம். குளிர் பிரதேசத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள கொட்டகையில் 4 பிஎஸ்ஐ வைத்த டயர், வெளியே மைனஸ் 20 டிகிரியில் சுமார் 1.5 பிஎஸ்ஐ-க்கு இறங்கிவிடும். சுருங்குவது காற்றின் முழு அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்தது) என்பதால், அளவியில் தெரியும் அந்த 4 பிஎஸ்ஐ-யில் பெரும்பகுதி காணாமல் போகும். டயர் பஞ்சராகவில்லை, யாரும் காற்றைத் திறந்துவிடவும் இல்லை. ஆனால் ட்ராக் கழன்றுவிடும். காற்றை ஓட்டும் இடத்தின் குளிரில், வண்டி ஆறிய பின் வையுங்கள்.

டயரின் கட்டை அமைப்பும் ட்ராக்கோடு பொருந்த வேண்டும். ஆழமான, இடைவெளி விட்ட கட்டைகளில் குறுக்குப் பட்டை உட்கார்ந்து பிடிக்கும். தேய்ந்த மொட்டை டயரில் ஈரச் சேறு உள்ளே போனதும் டயர் மட்டும் சுற்றும், ட்ராக் நிற்கும்.

எந்தப் பொருள்

ரப்பர் ட்ராக் என்பது நார் வலு சேர்த்த ரப்பர் பட்டை. அமைதியாக ஓடும், புல்லையும் பாசியையும் குறைவாகக் கிழிக்கும், ஓரளவு கல்லும் தாங்கும். ஈரப் பனி உள்ளே புகுந்து டயருக்கும் பட்டைக்கும் நடுவே இறுகினால் ட்ராக் தானாகவே விறைப்பாகிவிடும். சில நேரம் ஆக்சிலை வளைக்கும் அளவுக்கு. நடுவில் திறப்புகள் உள்ள வடிவமே பனிக்குச் சரி.

பிளாஸ்டிக் ட்ராக் என்பது பெரும்பாலும் மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனால் ஆன குறுக்குக் கட்டைகள். டயரை அணைத்தபடி இரு ஓரத்திலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். பனியும் களிமண்ணும் அதில் ஒட்டாது, கடுங்குளிரிலும் உடையாது. பழுதானால் ஒரு கட்டையை மட்டும் கழற்றி மாற்றலாம். எனக்கு இதுதான் பெரிய வசதியாகத் தெரிகிறது. ஒட்டாத அதே குணம் வழுக்கும் பனிக்கட்டியிலும் ஈரப் பாறையிலும் எதிரி. பக்கச் சரிவில் வண்டி மெல்லக் கீழே நழுவும். உறைந்த ஏரியில் போவதானால் ஒவ்வொரு மூன்றாவது, நான்காவது கட்டையிலாவது எஃகு முள் அல்லது பனிப் பல் போட வேண்டும். அதையும் இடப்பக்கம், வலப்பக்கம் ஒரே எண்ணிக்கையில் போடுங்கள். இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ரப்பர் பெல்ட்டில் எஃகுப் பட்டை போல்ட் போட்டு வீட்டிலேயே செய்யும் ட்ராக்குகளும் உண்டு. செங்குத்து ஏற்றத்தில் பிடிமானம் அபாரம். எடையும் அபாரம். போல்ட்டின் தலை உள்பக்கம் டயரைப் பார்த்திருந்தால் தட்டையான, வட்டத் தலை போல்ட்டாக இருக்க வேண்டும். பூட்டு நட் வெளிப்பக்கம். போல்ட் நுனி டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் இரண்டு அடுக்கு டயர் காலி.

தண்ணீரில் என்ன ஆகும்

இங்கேதான் தேர்வு உண்மையில் முடிவாகிறது. ஆனால் வாங்குபவர்கள் கடைசியில்தான் இங்கே வருகிறார்கள்.

வண்டி மிதக்கும்போது நீர்மட்டத்தில் அதன் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர் என்றால், ஒவ்வொரு 30 கிலோவுக்கும் 1 செ.மீ. அமிழும். 120 கிலோ ட்ராக் 4 செ.மீ. அமிழ்த்தும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ட்ராக்கின் கீழ்ப்பாதி நீருக்குள் இருப்பதால் அதன் அடர்த்தி கணக்கில் வருகிறது. பாலிஎத்திலீன் நீரைவிட லேசானது, அடர்த்தி 0.94 அளவில், கீழ்ப்பாதி தன்னைத் தானே மிதக்க வைத்துக்கொள்ளும், மேல்பாதி மட்டுமே பாரம். வண்டி 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கும். 1.15 அடர்த்தியுள்ள ரப்பருக்கு 2.3 செ.மீ. அதே 120 கிலோ முழுக்க எஃகாக இருந்தால் 3.7 செ.மீ.

இரண்டு செ.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ட்ராக் நீரில் வண்டியைத் தள்ளுவது கீழ்ப்பாதியால். அது நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மேல்பாதியோ முன்னோக்கி ஓடுகிறது. அது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை தீங்கில்லை. வண்டி அமிழ்ந்து மேல்பாதியும் நீரைத் தொட ஆரம்பித்தால் அது நீரை முன்னுக்கு அள்ளும், கீழ்ப்பாதியின் உழைப்பைத் தின்னும். டயரால் மணிக்கு 4, 5 கி.மீ. வேகத்தில் நீந்தும் வண்டி, கனமான ட்ராக் போட்டபின் அதைவிட மெதுவாகப் போவது இதனால்தான். சரியான எடையில் இருந்தால் ட்ராக் டயரைவிட வேகமாகவே நீந்தும். ஃபெண்டர் மேல்பாதியை நெருக்கமாக மூடியிருந்தால் தெறிக்கும் நீர் திரும்பிக் கீழே விழும், அதுவும் உதவி.

கையேட்டில் நீருக்கு என்று தனியாக ஒரு சுமை எல்லை இருக்கும். அதிலிருந்து ட்ராக்கின் முழு எடையையும் கழித்துவிடுங்கள். மிதப்புக் கணக்கைக் காட்டிச் சலுகை எடுக்க வேண்டாம். அலைக்கும், உள்ளே கசியும் நீருக்கும் அது ஒதுக்கு.

நீரில் ட்ராக்கின் உண்மையான லாபம் வேகம் அல்ல, கரையேறுவது. சேற்றுக் கரையிலும் பனிக்கட்டி விளிம்பிலும் டயர்கள் அதே இடத்தில் சுற்றிக் குழி தோண்டும். ட்ராக் விளிம்பின்மேல் படிந்து ஏறும். சேறோ பனிக்கட்டி விளிம்போ இல்லாத, மணலும் சரளையும் மட்டும் உள்ள ஏரிக்கரையில் ஓட்டுபவருக்கு ட்ராக்கே தேவையில்லை என்பேன். சரளை, ட்ராக்கின் மூட்டுகளை இணைக்கும் பின்களையும் அதன் உள்பக்கத்தையும் அரம் போட்டது போல் தேய்த்துவிடும்.

நீளக் கணக்கு

லிங்க் எனப்படும் துண்டுகளைக் கோத்து, அவற்றின் எண்ணிக்கையில் வரும் ட்ராக்குக்கு இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முனை ஆக்சில்களின் தூரத்தை இரண்டால் பெருக்குங்கள்: 189 செ.மீ.க்கு 378. டயர் விட்டம் 60 செ.மீ. என்றால் அதை 3.14-ஆல் பெருக்க 188.5. ட்ராக் மடங்கும் கோடு டயர் மேற்பரப்பில் இல்லை, சற்று வெளியே இருக்கிறது. அது 1 செ.மீ. என்றால் இன்னும் 6.3 சேர்க்க வேண்டும். மொத்தம் 572.8 செ.மீ.

லிங்க் ஒன்றுக்கு 10 செ.மீ. என்றால் 57 லிங்க் 2.8 செ.மீ. குறைவு, 58 லிங்க் 7.2 செ.மீ. அதிகம். எது? விட்டம் 1 செ.மீ. மாறினால் நீளம் 3.1 செ.மீ. மாறும். 58 லிங்க்கை இறுக்க டயர் 2 செ.மீ.க்கு மேல் பருக்க வேண்டும். காற்றால் அது நடக்காது. 57 லிங்க்குக்கு விட்டம் 9 மி.மீ. அமுங்கினால் போதும், அது மென்மையான டயருக்கு இயல்பு. எனவே 57. அந்த 1 செ.மீ.யைக் கணக்கில் சேர்க்க மறந்தால் விடை 566.5 என்று வரும். 57 லிங்க் தளர்வாக இருக்கும்போல் தோன்றி, 56 வாங்கி, மாட்டவே முடியாமல் நிற்க நேரும்.

பின்கள் தேயும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் 0.2 மி.மீ. தேய்ந்தாலே 57 மூட்டுக்கு 11 மி.மீ. நீளம் கூடிவிடும். அதனால் புதிய ட்ராக் சற்று இறுக்கமாகத் தொடங்குவதே நல்லது.

ஆக்சிலும் செயினும்

வண்டி நேராகப் போகும்போது ட்ராக் அதிகம் கேட்பதில்லை. திரும்பும்போதுதான் கேட்கும். மேலே சொன்ன 750 கிலோ வண்டி, மண்ணோடு உராய்வு 0.6 என்று வைத்தால், நின்ற இடத்தில் திரும்ப ஒவ்வொரு பக்கத்துக்கும் 1,850 நியூட்டன் அளவு விசை வேண்டும்: ஒரு பக்கம் முன்னே, மறுபக்கம் பின்னே. நேராக உருள ஒரு பக்கத்துக்கு 370 நியூட்டன் போதும் என்று கொண்டால், திரும்புவது ஐந்து மடங்கு. இந்தச் சுமை முழுவதையும் செயினும், சிவிடி பெல்ட்டும் (எஞ்சினின் சக்தியைக் கியர்பெட்டிக்குக் கடத்தும் பெல்ட்), ஸ்டீயரிங் பிரேக்கும் (திரும்புவதற்காக ஒரு பக்கத்தை மட்டும் பிடிக்கும் பிரேக்) சுமக்கின்றன.

ட்ராக் தரையைத் தொடும் நீளத்தை, இரண்டு ட்ராக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தால் வகுத்துப் பாருங்கள். நம் வண்டிக்கு அந்தத் தூரம் 112 செ.மீ. என்றால் விடை 1.7. இதற்கு மேல் போனால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். ஆறு சக்கர வண்டிகள் ட்ராக்கோடு சுலபமாகத் திரும்புவதன் காரணம் அவற்றின் குட்டை நீளம்தான்.

அகல ட்ராக் உடலைவிட்டு வெளியே நீண்டிருக்கும். அதன் வெளி ஓரம் ஒரு மரக்கட்டையின் மேலோ பாறையின் மேலோ ஏறினால், அந்த எடை நெம்புகோலாக ஆக்சிலை வளைக்கும். 18 அங்குல ட்ராக் போடுவதானால் பேரிங்கை உடலிலிருந்து வெளியே தள்ளி வைக்கும் நீட்டிப்பு அமைப்பும் சேர்த்தே வாங்க வேண்டும். அதற்குப் பணமில்லையென்றால் குறுகிய ட்ராக் போடுங்கள், நடுவழி கிடையாது. மாட்டிய பின் ட்ராக்கின் உள் ஓரத்துக்கும் பிளாஸ்டிக் உடலுக்கும் நடுவே விரல் இரண்டு போகும் இடம் வேண்டும். அதையும் வண்டி சும்மா நிற்கும்போது பார்க்காமல், சுமையோடு திரும்பும்போது ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். உடலை உரசும் கைடு (டயரை ட்ராக்குக்குள் நிறுத்தும் ஓரத் தடுப்பு) மெல்லத் துளை போட்டுவிடும். தெரிவது ஏரி நடுவே தண்ணீர் ஏறும்போதுதான்.

பழைய செயினில் ட்ராக் மாட்டாதீர்கள். 60-ஆம் எண் செயினில் ஒரு கண்ணியின் நீளம் 19.05 மி.மீ., 12 கண்ணிக்கு 228.6. அது 233 மி.மீ.யைத் தாண்டினால் 2 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். செயினை இறுக்கும் கருவி அதன் கடைசி எல்லைக்கு வந்திருந்தாலும் அப்படியே. ட்ராக்கின் தடிமன் சக்கரத்தைப் பெரிதாக்குவது போலவே வேலை செய்யும்: 60 செ.மீ. டயர் 62 செ.மீ. ஆனது போல. வேகம் 3 சதவீதம் கூடி, இழுவை அதே அளவு குறையும். உராய்வு வேறு சேரும். எனவே ட்ராக்கோடு ஓட்டும்போதெல்லாம் லோ கியர். பெல்ட் வாசனை வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள்.

மாட்டுவதும் கழல்வதும்

டயரை 1 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, ட்ராக்கைத் தரையில் நேராக விரித்து, அதன்மேல் வண்டியை ஏற்றுங்கள். பின்முனையை டயர்களின் மேலாக இழுத்து முன்னே கொண்டுவந்து, இரண்டு ராட்செட் பட்டைகளால் இரு ஓரத்தையும் சமமாக நெருக்குங்கள். ஒரே பட்டை போட்டால் முனைகள் கோணலாகி பின் நுழையாது. பின் நுழைக்கும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், சாவி வெளியே. பிறகு எல்லா டயருக்கும் சமமாகக் காற்று. இருபது நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். காற்றும் இறுக்கமும் நிச்சயம் மாறியிருக்கும்.

ட்ராக் கழல்வது பெரும்பாலும் மூன்று இடங்களில்: பக்கச் சரிவில் மேல்நோக்கித் திரும்பும்போது, ஆழச் சேற்றில் பின்னோக்கி எடுத்தபடி திரும்பும்போது, மரக்கட்டை ஒன்று டயருக்கும் ட்ராக்குக்கும் நடுவே நுழையும்போது. முதல் இரண்டிலும் டயரின் பக்கச் சுவர் சாய்ந்து கைடின் மேல் ஏறிவிடுகிறது. அதே சாய்வில் டயர் ரிம்மைவிட்டும் கழலலாம். உள்ளே ட்யூபோ, டயரின் விளிம்பை இறுகப் பிடிக்கும் பூட்டு ரிம்மோ இருந்தால் அந்தத் தொல்லை குறையும். சரிவில் திரும்பியே ஆக வேண்டுமென்றால் கீழ்நோக்கி, சிறு சிறு திருப்பங்களாக, நடுநடுவே நேராக உருளவிட்டுத் திரும்புங்கள்.

பாதி ஏறிய நிலையில் ட்ராக்கைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் எதிர்த்திசையில் அங்குலம் அங்குலமாக உருட்டினால் தானே உட்காரும். முழுக்கக் கழன்றால் அந்தப் பக்கத்து டயர்களின் காற்றை இறக்கித்தான் ஏற்ற வேண்டும். அதனால் வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: காற்றடிக்கும் பம்ப், குறைந்த அழுத்த அளவி, இரண்டு ராட்செட் பட்டை, கடப்பாரை, இரண்டு லிங்க், நான்கு பின், சேற்றில் ஜாக்கின் கீழே வைக்க ஒரு பலகைத் துண்டு. தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறைக்குப் பின்னும் ஆக்சில் பேரிங்குகளுக்கு, பழைய கிரீஸோடு நீர் வெளியே வரும்வரை, புது கிரீஸ் ஏற்றுங்கள். ட்ராக் மாட்டிய வண்டியில் கிரீஸ் முனையைத் தேடிப் பிடிப்பதே பாதி வேலை. ட்ராக் மாட்டும் முன்பே எங்கே இருக்கிறது, கிரீஸ் துப்பாக்கி எட்டுமா என்று பார்த்து, எட்டாவிட்டால் வளையும் குழாய் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.